விஐடி, பிஐடி: சின்னப் பட்டறை எந்த எண்ணைப் போடுவது?

கருவியைச் செய்து முடித்து, டப்பாவில் அடைத்து, ஸ்டிக்கரும் ஒட்டிய பிறகுதான் பல பட்டறைகளில் இந்தக் கேள்வி எழுகிறது: "விஐடி, பிஐடின்னு ரெண்டு நம்பர் கேக்குதே, அதுல இன்னா போடறது?" யூஎஸ்பி கருவி கம்ப்யூட்டரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இரண்டு எண்கள் இவை: விஐடி (வென்டர் ஐடி) தயாரிப்பாளரைக் குறிக்கும், பிஐடி (ப்ராடக்ட் ஐடி) கருவியைக் குறிக்கும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஐம்பது, நூறு என்று சிறு எண்ணிக்கையில் எடை மெஷின் இண்டிகேட்டரும் பில்லிங் இணைப்பு போர்டும் செய்கிறவர்களுக்கு ஃபர்ம்வேரும் (கருவிக்குள் ஓடும் நிரல்) டிரைவரும் (கருவியோடு பேச கம்ப்யூட்டரில் ஓடும் நிரல்) எழுதிக் கொடுப்பது என் தொழில். முதல் போர்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. எந்தச் சிப்பை வாங்குவது என்பதையே இதன் விடை மாற்றிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் எழுதிய டிரைவரை நம்பி ஓடும் கருவி என்றால் அந்த டிரைவருக்குத் தெரிந்த எண்ணை மாற்றாதீர்கள். பெயரையும் சீரியல் எண்ணையும் மட்டும் மாற்றுங்கள். யூஎஸ்பி ஃபர்ம்வேரை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் சிப் தயாரிப்பாளரிடம் ஒரு பிஐடி கேட்டு வாங்குங்கள். தோன்றிய எண்ணைப் போடுவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

எண்ணைப் படிப்பது யார்?

கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் கருவியிடம் 18 பைட் நீளமுள்ள டிவைஸ் டிஸ்கிரிப்டர் என்ற அறிமுகக் குறிப்பைக் கேட்டு வாங்குகிறது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 8, 9-ஆம் பைட்டுகளில் விஐடி இருக்கும். 10, 11-இல் பிஐடி. 12, 13-இல் கருவியின் பதிப்பு எண். ஒவ்வொன்றும் 16 பிட். பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் எழுதுவதால் எழுத்துகளும் கலந்து வரும். எண்ணின் பின்பாதி பைட் முன்னால் வரும் என்பதால், எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சிப்பில் உள்ள 0403, 6001 என்ற ஜோடி வயரில் 03 04 01 60 என்றுதான் ஓடும். ஃபர்ம்வேரில் டிஸ்கிரிப்டரைப் பைட் பைட்டாகக் கையால் எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விஐடியை நிறுவனங்களுக்கு ஒதுக்கித் தருவது யூஎஸ்பி-ஐஎஃப் என்ற அமைப்பு. அந்த விஐடிக்குக் கீழே எந்தக் கருவிக்கு எந்த பிஐடி என்பதை நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம். 16 பிட் என்பதால் ஒரு விஐடிக்கு 65,536 இடங்கள்.

லினக்ஸில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இந்த இரண்டு எண்களையும் கருவியின் கிளாஸ் (கீபோர்டு, சீரியல் போர்ட் போன்ற வகை) விவரத்தையும் கோத்து 'மாட்-அலியாஸ்' என்ற ஒரு வரியை உண்டாக்குகிறது. ஒவ்வொரு டிரைவர் மாட்யூலும் தனக்குத் தெரிந்த எண்களை ஒரு அட்டவணையாக வைத்திருக்கும். இரண்டும் பொருந்தினால் மாட்யூல் தானாக ஏறும். விண்டோஸில் அதே வேலையை ஐஎன்எஃப் கோப்பு செய்கிறது. அதற்குள் விஐடியும் பிஐடியும் சேர்ந்த ஹார்டுவேர் ஐடி ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். இரண்டு இயங்குதளங்களும் இந்த எண் உண்மையில் யாருடையது என்று விசாரிப்பதில்லை. எண்ணைப் பார்க்கும், டிரைவரை ஏற்றும், அவ்வளவுதான். எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்றால் எந்த டிரைவர் வந்து உட்காரப்போகிறது என்பதைத் தேர்ந்தெடுப்பது.

சிப்போடு வந்த எண்ணை அப்படியே விடுவது

யூஎஸ்பியைப் பழைய சீரியல் போர்ட் இணைப்பாக மாற்றித் தரும், ரிச்சி தெருவில் வாங்கும் யூஎஸ்பி-சீரியல் சிப்கள் எல்லாம் ஒரு எண்ணோடுதான் வருகின்றன. எஃப்டி232ஆர் என்றால் 0403, 6001. சிபி2102 என்றால் 10சி4, இஏ60. சிஎச்340 என்றால் 1ஏ86, 7523. மூன்றுக்கும் லினக்ஸில் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. விண்டோஸுக்குத் தயாரிப்பாளரே டிஜிட்டல் கையெழுத்திட்ட டிரைவர் தருகிறார். பட்டறைக்காரர் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம், ஒரு வரி எழுத வேண்டாம். விலை குறைவான சிஎச்340-ஐப் பலரும் எடுப்பதற்கு இந்தச் சுகமும் ஒரு காரணம்.

வில்லங்கம் வாடிக்கையாளரின் மேசையில் ஆரம்பிக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கமிஷன் கடையில் எடை மெஷினும் பில் பிரிண்டரும் ஒரே லேப்டாப்பில் செருகியிருந்தன. இரண்டிலும் சிஎச்340ஜி. கடைக்கார அக்கா காலையில் போன் செய்தார்.

"தம்பி, நேத்து வரைக்கும் எடை தானா வந்துச்சு. இன்னிக்கி கிலோ இடத்துல ஒன்னுமே காட்டல. கையிலதான் அடிச்சிக்கினு கீறோம்."

"அக்கா, ஒயரை வேற ஓட்டையில மாத்திச் சொருவுனீங்களா?"

"ஆமாப்பா, அது துரு புடிச்சு ஆடிக்கினு இருந்துச்சு. பக்கத்துல சொருவுனேன்."

உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் யூஎஸ்பி சாக்கெட்டின் உலோகம் சீக்கிரம் அரித்துப்போகும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் ஒயரை மாற்றிச் செருகுவது அன்றாட நடைமுறை. யாரையும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சிஎச்340ஜி-க்கு சீரியல் எண் கிடையாது. சீரியல் எண் இல்லாத கருவியை விண்டோஸ் எந்த சாக்கெட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்து அடையாளம் காண்கிறது. சாக்கெட் மாறினால் அதற்கு அது புதுக் கருவி. புது காம் போர்ட் எண் (சீரியல் கருவிக்கு விண்டோஸ் வைக்கும் பெயர்) கொடுத்துவிடும். பில்லிங் மென்பொருள் பழைய காம் 3-ஐத் திறந்து வைத்துக்கொண்டு, வராத எடைக்காகக் காத்திருக்கும். கூடவே, இரண்டு கருவிகளுக்கும் ஒரே விஐடி, ஒரே பிஐடி, ஒரே பெயர். இதில் எது தராசு, எது பிரிண்டர் என்று மென்பொருளால் பிரித்தறிய நம்பகமான வழி இல்லை.

லினக்ஸிலும் இதே சிப்புக்கு வேறொரு தொல்லை வந்தது. உபுண்டு 22.04-இல் சிஎச்340 செருகினால் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற போர்ட் தோன்றி அடுத்த நொடியே மறைந்துவிடும். காரணம், பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல். ஒரு பிரெய்ல் கருவியும் 1ஏ86, 7523 என்ற எண்ணிலேயே வெளிவந்திருந்ததால், அந்த எண் வந்ததும் யூடெவ் (கருவியைச் செருகியதும் என்ன செய்வது என்று சொல்லும் லினக்ஸ் ஏற்பாடு) விதி வழியாக நிரல் எழுந்து போர்ட்டைப் பிடித்துக்கொண்டது. அந்த நிரல் மீது தவறு சொல்ல மாட்டேன். கண் தெரியாதவர் கருவியைச் செருகியதும் அது தானாக ஓட வேண்டும். அதற்கு அவர்களிடம் இருந்த ஒரே துப்பு அந்த எண்தான். பொது எண்ணைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருடைய நியாயமான தேவை இன்னொருவருடைய கருவியை முடக்குகிறது.

அதற்காக, பொது எண்ணை விடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. சிஎச்340ஜி-யில் பெயரும் சீரியலும் மாற்ற வழியில்லை என்பதுதான் சிக்கல். எஃப்டி232ஆர்-க்குள்ளேயே சிறிய ஈஈபிராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது. தயாரிப்பாளர் இலவசமாகத் தரும் எஃப்டி-ப்ராக் நிரலால் பெயரையும் சீரியல் எண்ணையும் எழுதலாம். சிபி2102என்-க்கும் அதே வசதி உண்டு. பழைய சிபி2102 எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பல போர்டுகள் 0001 என்ற ஒரே சீரியலோடு வரும். பட்டறையில் டெஸ்ட் செய்யும் மேசையிலேயே ஒவ்வொன்றுக்கும் தனி சீரியல் எழுதிவிட வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

எண்ணையும் மாற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எஃப்டிடிஐ கேட்டால் தன் 0403-க்குக் கீழே எட்டு பிஐடி கொண்ட தொகுப்பை வாடிக்கையாளருக்கு இலவசமாகவே ஒதுக்குகிறது. பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் எண் மாறியதும் எஃப்டிடிஐ-யின் ஐஎன்எஃப் கோப்புக்கு உங்கள் கருவி தெரியாது. அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாலும் அதோடு வரும் கையெழுத்துக் கோப்பு செல்லாமல் போய்விடும். 64 பிட் விண்டோஸ் நிறுவ மறுக்கும். மறுபடி கையெழுத்து வாங்க சான்றிதழ், மைக்ரோசாஃப்ட் போர்ட்டலில் கணக்கு என்று ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். நூறு எடை மெஷினுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. 0403, 6001-ஐ அப்படியே விட்டு, பெயரில் உங்கள் கடைப் பெயரையும் மாடலையும் எழுதி, தனி சீரியல் கொடுத்தால் போதும். சீரியல் இருப்பதால் சாக்கெட் மாறினாலும் காம் எண் மாறாது. எஃப்டிடிஐ-யின் டி2எக்ஸ்எக்ஸ் நூலகம் கருவியைப் பெயரை வைத்தே திறக்க வழி தருகிறது. லினக்ஸில் யூடெவ் விதியிலும் பெயரைப் பொருத்தலாம். அக்காவின் கடையில் இப்போது ஓடுவது இந்த ஏற்பாடுதான்.

எஃப்டிடிஐ என்றதும் 2014-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு அக்டோபரில், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர் போலி சிப்களைக் கண்டுபிடித்து அவற்றின் பிஐடியை 0000 என்று மாற்றி எழுதியது. அதன் பிறகு எந்தக் கணினியிலும் அந்தக் கருவியை டிரைவர் அடையாளம் காணவில்லை. பெரும் கண்டனம் எழுந்து அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. தங்கள் எண்ணைத் திருடிய சிப்பைத் தங்கள் டிரைவர் சுமக்கத் தேவையில்லை என்ற அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால் அடி வாங்கியது சிப் போலியா அசலா என்று தெரியாமல் கருவியை வாங்கிய கடைக்காரர். லினக்ஸ் கெர்னலில் அந்த 0000 எண்ணையும் எஃப்டிடிஐ டிரைவரின் அட்டவணையில் சேர்த்துக்கொண்டார்கள். செத்த கருவிகள் லினக்ஸில் மறுபடி ஓடின. இன்னொருவர் டிரைவரை நம்புகிறீர்கள் என்றால் அவருடைய அசல் சிப்பையே, பில்லோடு, தெரிந்த விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். எண்ணும் டிரைவரும் சிப்பும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும்.

ஃபர்ம்வேர் உங்களுடையது என்றால்

இப்போதெல்லாம் மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே யூஎஸ்பி வந்துவிட்டது. எஸ்டிஎம்32, ஆர்பி2040, இஎஸ்பி32-எஸ்3, யூஎஸ்பி உள்ள பிக் என்று எதை எடுத்தாலும் தனி சீரியல் சிப் வேண்டாம். டிஸ்கிரிப்டரின் 18 பைட்டும் உங்கள் கையில். இங்கே முதலில் தீர்மானிக்க வேண்டியது எண்ணை அல்ல, கிளாஸை.

கருவி கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கான எச்ஐடி கிளாஸில் இருந்தால் விண்டோஸும் லினக்ஸும் எண்ணைப் பார்க்காமல் கிளாஸைப் பார்த்தே தங்கள் சொந்த டிரைவரை ஏற்றிவிடும். நிறுவல் இல்லை, அட்மின் பாஸ்வேர்டு இல்லை. ஃபுல் ஸ்பீடில் மில்லி நொடிக்கு 64 பைட் வரை போகும். எடையைச் சொல்ல அதில் சில பைட்டே போதும். எச்ஐடி தரத்தில் எடைக்கருவிகளுக்கென்றே தனிப் பக்கம் உண்டு. கீபோர்டு போல நடித்து, கர்சர் நிற்கும் இடத்தில் எடையைத் தட்டச்சு செய்யும் கருவிகளும் சந்தையில் இருக்கின்றன. அதை நான் பரிந்துரைப்பதில்லை. கர்சர் தவறான கட்டத்தில் நின்றால் வஞ்சிர மீனின் எடை வாடிக்கையாளர் பெயரில் போய் விழும்.

சிடிசி-ஏசிஎம் கிளாஸ் என்றால் சீரியல் போர்ட்டாகத் தெரியும். லினக்ஸில் அதற்கான டிரைவர் கிளாஸைப் பார்த்து ஏறும். விண்டோஸ் 10 முதல் அங்கேயும் தானாக ஏறும். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கவுன்டர் என்றால் ஐஎன்எஃப் வேண்டும். வேகம் அதிகம் வேண்டும், வழக்கமான கிளாஸில் அடங்காது என்றால் வின்யூஎஸ்பி, அதாவது மைக்ரோசாஃப்டின் பொதுவான யூஎஸ்பி டிரைவர். எந்த டிரைவர் வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் மைக்ரோசாஃப்ட் ஓஎஸ் டிஸ்கிரிப்டரை ஃபர்ம்வேரில் வைத்துவிட்டால் ஐஎன்எஃப் இல்லாமலேயே வின்யூஎஸ்பி டிரைவர் ஏறும்.

ஆக மூன்று வழியிலும் டிரைவரைக் கூட்டிவர எண் தேவைப்படுவதில்லை. பிறகு எண் எதற்கு? உங்கள் மென்பொருள் உங்கள் கருவியைக் கண்டுபிடிக்க. அதற்குத்தான் அது தனித்ததாக இருக்க வேண்டும். எஸ்டிஎம்32 மாதிரி நிரலை அப்படியே எடுத்தால் 0483, 5740 என்று எஸ்டி நிறுவனத்தின் எடுத்துக்காட்டு எண்ணே கருவியோடு வெளியே போய்விடும். அதே மாதிரியை எடுத்த மற்ற எல்லாருடைய கருவியும் அதே எண்ணில்தான் இருக்கும். காசிமேட்டில் இரண்டு சிஎச்340 ஒரே மேசையில் இருந்த கதை இங்கேயும் நடக்கும்.

சிப் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் விஐடிக்குக் கீழே பிஐடியை இலவசமாக ஒதுக்குகிறார்கள். மைக்ரோசிப் தன் 04டி8-இன் கீழ் பத்தாயிரத்துக்கும் குறைவாகச் செய்பவருக்குத் தருகிறது. எஸ்பிரசிஃப் தன் 303ஏ-வின் கீழும், ராஸ்பெர்ரி பை தன் 2இ8ஏ-வின் கீழும் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளம் வழியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. எல்லாருக்கும் பொதுவான நிபந்தனை இது: அந்த எண்ணை அந்த நிறுவனத்தின் சிப்பில்தான் போட வேண்டும். நாளைக்குச் சிப் தட்டுப்பாடு வந்து வேறு நிறுவனத்துக்கு மாறினால் எண்ணும் மாற வேண்டும். 2021-இல் மைக்ரோகன்ட்ரோலர் கிடைக்காமல் தவித்தவர்களுக்கு இது வெறும் கற்பனை ஆபத்து இல்லை என்று தெரியும். அப்படியிருந்தும், சில நூறு கருவி செய்கிறவருக்கு இதைவிட நல்ல வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. எண் செல்லும், தனித்தது, செலவில்லை. உங்கள் பில்லிங் மென்பொருளில் இரண்டு எண்களை ஏற்றுக்கொள்ள இடம் விட்டு எழுதினால் சிப் மாற்றத்தையும் தாங்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும்; சோதனை மேசையில் இது பலரை நாள்கணக்கில் அலைக்கழிக்கிறது. ஒரு கருவி ஓஎஸ் டிஸ்கிரிப்டர் தருமா என்று விண்டோஸ் முதல் தடவை கேட்கும். கிடைத்த பதிலை ரெஜிஸ்ட்ரியில் 'யூஎஸ்பிஃபிளாக்ஸ்' என்ற சாவிக்குக் கீழே எழுதிவைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பின் பெயர் விஐடி, பிஐடி, பதிப்பு எண் மூன்றும் சேர்ந்தது. முதல் ஃபர்ம்வேரில் டிஸ்கிரிப்டர் இல்லை, அடுத்ததில் சேர்த்தீர்கள் என்று வையுங்கள். எண்கள் மூன்றும் அதேதான் என்றால் விண்டோஸ் மறுபடி கேட்காது. நிரல் சரி, கேபிள் சரி, கருவி மட்டும் 'தெரியாத கருவி' என்றே நிற்கும். வேறு கம்ப்யூட்டரில் செருகினால் ஓடும். அதைப் பார்த்ததும் குழப்பம் இன்னும் கூடும். டிஸ்கிரிப்டரைத் தொடும்போதெல்லாம் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டுங்கள். அந்த 12, 13-ஆம் பைட்டுகள் இருப்பது இதற்குத்தான். எச்ஐடி மட்டும் இருந்த கருவியில் சிடிசியையும் சேர்த்துக் கூட்டுக் கருவியாக மாற்றினால் பதிப்பை மட்டும் கூட்டாமல் பிஐடியையே மாற்றுவது நல்லது. பழைய கருவிக்கென விண்டோஸ் வைத்திருக்கும் நினைவு எதுவும் குறுக்கே வராது.

மற்ற வழிகள்

வடிவமைப்பைத் திறந்த உரிமத்தில் வெளியிடத் தயார் என்றால் 1209 என்ற விஐடி இருக்கிறது. விஐடியைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று யூஎஸ்பி-ஐஎஃப் விதி கொண்டுவரும் முன்பே வாங்கப்பட்ட எண் இது. அதை வாங்கிய நிறுவனம் மூடப்பட்ட பின் பிஐடி.கோட்ஸ் என்ற திட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஹார்டுவேரோ ஃபர்ம்வேரோ அங்கீகரிக்கப்பட்ட திறந்த உரிமத்தில் இருக்க வேண்டும். கிட்ஹப்பில் ஒரு கோரிக்கை வைத்தால் பிஐடி இலவசம். மணலியிலோ எண்ணூரிலோ காற்றில் உள்ள தூசியை அளக்கும் கருவியைத் தெருவாசிகளும் மாணவர்களும் சேர்ந்து செய்தால் இதைவிடப் பொருத்தமான எண் இல்லை. அளவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை யாரும் திறந்து பார்த்துச் சோதிக்கலாம். எண்ணும் அதே பொதுவெளியில் பதிவாகி இருக்கும். எந்தச் சிப்பிலும் போடலாம் என்பது கூடுதல் நன்மை. வெளியே அனுப்பாமல் மேசையிலேயே சோதிக்க மட்டும் 1209-இல் 0001 முதல் 0010 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த எண்ணோடு கருவியை விற்கக் கூடாது. மூடிய ஃபர்ம்வேர் விற்பவருக்கு இந்த வழி கிடையாது.

வி-யூஎஸ்பி நூலகத்தோடு வரும், 16சி0 என்ற விஐடியின் பொது எண்களும் உண்டு. பலரும் ஒரே பிஐடியைப் பகிர்ந்துகொண்டு, தயாரிப்பாளர் பெயரையும் கருவிப் பெயரையும் வைத்துப் பிரித்தறிய வேண்டும் என்பது அதன் விதி. பழைய ஏவிஆர் சிப்பில் ஏற்கெனவே ஓடும் கருவி என்றால் தொடரலாம். புதிதாகத் தொடங்க அவசியமில்லை.

சொந்த விஐடி வாங்க சுமார் 6,000 டாலர் ஆகும். நம் பணத்தில் 5 லட்சத்துக்குக் குறையாது. பல மாடல்களை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கு இது நியாயமான செலவு. கொருக்குப்பேட்டைப் பட்டறைக்கு அந்தப் பணத்தில் நல்ல ஆசிலோஸ்கோப்பும் சால்டரிங் ஸ்டேஷனும் வாங்குவதே பயன்.

கடைசியாக, கற்பனை எண். 1234, 5678 என்று போட்ட கருவிகளை நானே கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஓடும். என்றைக்காவது அந்த எண்ணுக்கு உரியவரின் டிரைவர் விண்டோஸ் அப்டேட்டில் வந்தால் உங்கள் கருவியின் மேல் ஏறி உட்காரும். பழுதை யாரிடமும் சொல்லக்கூட முடியாது, ஏனென்றால் தவறு உங்கள் பக்கம்.

டிரைவரில் எண்ணை எங்கே எழுதுவது

விண்டோஸில் கிளாஸ் வழி போனால் எழுதவே வேண்டாம். லினக்ஸில் தேர்வுகள் அதிகம். ஏற்கெனவே உள்ள சீரியல் டிரைவருக்குப் புது எண்ணைச் சொல்லித்தர 'நியூ-ஐடி' என்ற கோப்பில் விஐடியையும் பிஐடியையும் எழுதினால் போதும். அந்த நொடியே டிரைவர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்தால் மறந்துவிடும், எனவே சோதனைக்கு மட்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கெர்னலின் அட்டவணையில் உங்கள் எண்ணை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பலாம். எஃப்டிடிஐ, சிபி210எக்ஸ் டிரைவர்களின் அட்டவணைகளில் இப்படிச் சேர்க்கப்பட்ட எண்கள் ஏராளம். கருவி எண்ணைச் சேர்க்கும் பேட்ச்சை ஏற்கெனவே வெளியான ஸ்டேபிள் கெர்னல்களும் ஏற்பதால், கடையில் ஓடும் பழைய பதிப்புக்கும் அது வந்து சேர வாய்ப்புண்டு. சொந்த மாட்யூல் எழுதுகிறவர்கள் அட்டவணையை எழுதினால் மட்டும் போதாது; அதை வெளியே அறிவிக்கும் 'மாட்யூல் டிவைஸ் டேபிள்' வரியையும் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் கையால் ஏற்றினால் ஓடும், தானாக ஏறாது.

லிப்யூஎஸ்பி என்ற நூலகம் வழியாக நேரடியாகப் பேசும் கருவி என்றால் கெர்னல் டிரைவரே வேண்டாம்; அனுமதி கொடுக்க ஒரு யூடெவ் விதி போதும். அந்த விதியில் 0403, 6001 என்று மட்டும் எழுதி எல்லாருக்கும் திறந்துவிட்டால் அதே சிப் உள்ள மற்றவர் கருவிகளும் திறந்துகொள்ளும். பெயரையும் சேர்த்துப் பொருத்துங்கள். உட்கார்ந்திருக்கும் பயனருக்கு மட்டும் அனுமதி தரும் 'யூ-அக்சஸ்' குறியைப் பயன்படுத்தினால், விதிக் கோப்பின் பெயர் 73-க்குக் குறைந்த எண்ணில் தொடங்க வேண்டும். 99 என்று பெயர் வைத்துவிட்டு அனுமதி வரவில்லை என்று தேடுபவர்கள் நிறைய.

முத்திரை குத்திய பிறகு

எடை மெஷின் செய்பவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. வியாபாரத்தில் பயன்படும் தராசுக்கு, 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகள் முத்திரையிடுகிறார்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை. முத்திரையை உடைத்து உள்ளே கைவைத்தால் மறுபடி சரிபார்ப்புக்குப் போக வேண்டும். அதனால் பிஐடியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே தராசில் இடமில்லை. நான் சொல்லும் ஏற்பாடு இது: எடை அளக்கும் போர்டு முத்திரைக்கு உள்ளே இருக்கட்டும், யூஎஸ்பி இணைப்பு போர்டு வெளியே தனி டப்பாவில் இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவே சாதாரண சீரியல் ஒயர். சாக்கெட் துருப்பிடித்தாலும் எண் மாறினாலும் வெளி டப்பாவை மட்டும் கழற்றி மாற்றலாம். முத்திரை அப்படியே இருக்கும்.

எண் மாறிய பிறகும் மென்பொருளின் பட்டியலிலிருந்து பழைய எண்ணை நீக்காதீர்கள். திருவொற்றியூர் லாரி ஷெட்டிலோ சவுகார்பேட்டை மொத்தக் கடையிலோ ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய டப்பா இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அப்டேட் போட்ட அன்றைக்கே அது நின்றால் போன் உங்களுக்குத்தான் வரும். எந்த பிஐடி, எந்தப் பதிப்பு எண், எந்த சீரியலிலிருந்து எந்த சீரியல் வரை, எந்த ஃபர்ம்வேர் என்பதை ஒரு நோட்டிலோ எக்செலிலோ எழுதி வையுங்கள். அதே விவரத்தை டப்பாவின் அடியில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் அச்சடியுங்கள். கடைக்காரர் போனில் படித்துச் சொன்னால் எந்தக் கருவி என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.